ஒரே முதுகெலும்பு, ஒருவருக்கு மட்டும் ஏன் அவசரம்?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது, தாராவியில் தோல் பட்டறையில் வேலை. டிஸ்க் விலகி ஆறு வாரமாக இடது காலில் கடுமையான வலி. மருத்துவர் மாத்திரையும் பயிற்சியும் கொடுத்துப் பொறுத்திருக்கச் சொல்கிறார். சென்ற மாதம் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) சாரத்திலிருந்து விழுந்த இளைஞருக்கோ அன்றிரவே கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். எங்களை மட்டும் ஏன் காக்க வைக்கிறார்கள்?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த இளைஞருக்கு நசுங்கியது தண்டுவடம். உங்கள் கணவருக்கு அழுத்தப்படுவது, இடுப்புப் பகுதியில் அதிலிருந்து பிரிந்து காலுக்கு இறங்கும் ஒரு நரம்பு வேர். தண்டுவடம் எலும்புக் குழாய்க்குள் இருப்பதால் அடிபட்டு வீங்கும்போது அதற்கு விரிய இடமில்லை. ரத்த ஓட்டம் குறைந்து, விழுந்த நேரத்தில் தப்பிய திசுவும் அடுத்த சில மணி நேரங்களில் சேதமடையத் தொடங்கும். எலும்புத் துண்டையோ ரத்தக் கட்டியையோ அகற்றி அழுத்தத்தைக் குறைப்பது, இறந்த திசுவை மீட்பதற்காக அல்ல, மிஞ்சியிருப்பதைக் காப்பதற்காகவே.

கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றி 2012இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 19.8 சதவீதம் பேர் ஆறு மாதத்தில், பாதிப்பை அளக்கும் ஐந்து படிநிலைகளில் இரண்டு படியாவது முன்னேறினார்கள். தாமதமாகச் செய்துகொண்டவர்களில் அது 8.8 சதவீதம். யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை என்பதால் இந்த எண்களை ஓரளவு எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும். ஆனாலும், முடிந்தவரை முதல் நாளிலேயே என்பதுதான் இன்று பெரும்பாலான அறுவை சிகிச்சை நிபுணர்களின் கருத்து.

டிஸ்க் விலகிக் காலுக்கு இறங்கும் வலி வேறு கதை. விலகிய துண்டு பலருக்கும் நாளடைவில் தானே சுருங்கிவிடுகிறது. நெதர்லாந்தில் இத்தகைய 283 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் வலி பொறுக்காமல் இடையில் அறுவை சிகிச்சைக்கு வந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. வலி தாங்க முடியாததானால் மறுபடி அவரிடம் பேசும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அவசரத்தைத் தீர்மானிப்பது வலியின் அளவு அல்ல. கால் தளர்கிறதா என்று பாருங்கள்: குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கியபடி நான்கு அடி நடக்க முடிகிறதா, அல்லது நடக்கும்போது இடது காலின் செருப்பு மட்டும் அவர் அறியாமலே கழன்று பின்னால் கிடக்கிறதா? அப்படியானால் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திராமல் காட்டுங்கள். இதைவிட ஆபத்தானது, விலகிய பெரிய துண்டு தண்டுவடத்தின் முடிவுக்குக் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை முழுவதையும் அழுத்துவது. சிறுநீர் முட்டியும் வராமல் நிற்பது, அல்லது அறியாமல் கசிவது, இரண்டு கால்களும் மரப்பது, மலம் கழித்துக் கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியாமல் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவானாலும் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்று புத்தகங்கள் சொன்னாலும், சிறுநீர் முழுதாக நிற்பதற்கு முன்பே செய்வதுதான் அதிகப் பலன் தரும்.

உங்கள் கடிதத்தில் வலியைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். நம் ஆண்கள் சிறுநீர்ப் பிரச்சினையை மனைவியிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுவார்கள். இன்றிரவே அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.