ஆன் ஆர்பரின் சனிக்கிழமைப் பித்து: 1901இல் ஆரம்பித்த கதை

தம்பி, ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க வந்திருக்கிறேன், சனிக்கிழமை ஆனால் ஊரே மஞ்சளும் நீலமுமாக மைதானத்துக்குப் போகிறது, காலேஜ் பையன்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஏன் இவ்வளவு பித்து, கிரிக்கெட் மட்டுமே தெரிந்த நான் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

எடுங்கள். விதிகளை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். முதலில் 1901ஆம் வருடத்துக் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அந்த வருடம்தான் ஃபீல்டிங் யோஸ்ட் இங்கே பயிற்சியாளராக வந்தார். முந்தின வருடம் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அங்கே படித்தவரே அங்கே பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்று விதி போட்டதால் இடம் போயிற்று. ‘ஹரி அப்’ யோஸ்ட் என்றுதான் அவருக்குப் பெயர். கீழே விழுந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் அடுத்த நகர்வுக்குச் சைகை கொடுத்துவிட வேண்டும் அவருக்கு.

இன்று நீங்கள் பார்க்கப்போகும் ஆட்டம் இல்லை அது. பந்தை முன்னால் வீசும் ஃபார்வர்டு பாஸ் 1906இல்தான் வந்தது. அப்போது மூன்று முயற்சியில் 5 கஜம் முன்னேற வேண்டும். இப்போது நான்கு முயற்சியில் 10 கஜம். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பதுதான் டச் டவுன், அன்றைக்கு அதற்கு 5 புள்ளிதான். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரில் நிற்கும் ஆள்மேல் மோதித்தான் போயாக வேண்டும்.

அப்படிப்பட்ட காலத்தில் பஃபலோ அணியை 128-0 என்று அடித்தார்கள். இருப்பதிலேயே அதிகம் தாக்குப்பிடித்தது ஒஹாயோ ஸ்டேட், 21-0. மொத்தம் 11 ஆட்டம், 550 புள்ளி, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். எல்லாரும் 550ஐத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பூஜ்யம்தான் பெரிது. இப்போது தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு வேறு கூட்டம். அன்றைக்கு அதே பதினோரு பேர்தான் இரண்டையும் செய்தார்கள்.

1902 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் கடைசி ஆட்டம். அந்த ஊர்ப் புத்தாண்டு விழாவில் நடக்கும் ரோஸ் பவுல் போட்டியில் அதுதான் முதல். எதிரில் யார்? அதே ஸ்டான்ஃபோர்டு. பனிக்கால மிச்சிகனிலிருந்து ரயிலில் போய் இறங்கியவர்கள் மாற்று ஆள் ஒருவரைக்கூட இறக்காமல் ஆடினார்கள். நீல் ஸ்னோ மட்டும் ஐந்து டச் டவுன். 49-0 என்று இருக்கும்போது, இன்னும் 8 நிமிடம் பாக்கி, போதும் நிறுத்திக்கொள்வோம் என்று ஸ்டான்ஃபோர்டு அணித் தலைவரே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு 1916 வரை அந்தப் புத்தாண்டு விழாவில் ஃபுட்பால் கிடையாது. நடுவில் ரதப் பந்தயமெல்லாம் வைத்துப் பார்த்தார்கள்.

யோஸ்டைக் கொண்டாடும் ஊரில் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1934இல் ஜார்ஜியா டெக் அணி கறுப்பினத்தவரோடு ஆட மறுத்தது என்பதற்காக வில்லிஸ் வார்டு என்ற கறுப்பின வீரரைச் சொந்த மைதானத்திலேயே ஆடவிடாமல் உட்கார வைத்தார்கள். அப்போது விளையாட்டுத் துறையின் இயக்குநர் யோஸ்ட்தான். இங்கே மனசு உள்ளவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இப்போதைய மைதானத்தைக் கட்டியதும் யோஸ்ட் காலத்தில்தான், 1927இல். 1,07,601 பேர் உட்காரலாம். ஆனால் மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை, கடைசிவரை நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டச் டவுன் விழுந்ததும் பேண்டு ஒரு பாட்டு வாசிக்கும், ‘ஹெயில்’ என்று வரும் இடத்தில் எல்லாரும் முஷ்டியை உயர்த்துவார்கள். 1898இல் லூயிஸ் எல்பெல் என்ற மாணவர் இயற்றியது, 1901 அணிக்கும் முந்தைய பாட்டு. நவம்பர் ஆட்டத்துக்குக் குளிருக்கான தெர்மல் உள்ளாடை, குல்லா, கையுறை மூன்றும் கட்டாயம். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடும் ஆட்டம் ஒற்றைப்படை வருடங்களில் இங்கே நடக்கும். இரண்டு வருடப் படிப்பில் உங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும், அந்த வாரம் பரீட்சை நெருங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள்.