பூனை கைடு வாங்கவில்லை

கேள்வி: என் மகள் பி.எட். படிக்கிறாள். தார்ண்டைக், பியாஜே, வைகோட்ஸ்கி என்று கற்றல் கோட்பாடுகளை விடிய விடிய மனப்பாடம் செய்கிறாள். நாளை வகுப்பில் பாடம் நடத்த இதெல்லாம் உதவுமா? (ஒரு வாசகி, மணப்பாறை)

பதில்: உதவுமா என்பதை அப்புறம் பார்ப்போம். ‘மனப்பாடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிள்ளை தானே செய்து பார்த்து, தடுமாறி, அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்றார் பியாஜே. அதை உங்கள் மகள் ஐந்து மதிப்பெண் விடையாக, வரி பிசகாமல் உருப்போடுகிறாள். தார்ண்டைக் 1898-ல் பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து, வெளியே தீனி வைத்தார். பூனை பிறாண்டியது, கடித்தது, தற்செயலாகக் கயிற்றை இழுத்தது, கதவு திறந்தது. அடுத்தடுத்த தடவைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீக்கிரம் வெளியே வந்தது. இதற்கு ‘முயன்று தவறிக் கற்றல்’ என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு, முயலவும் விடாமல், தவறவும் விடாமல் கற்பிக்கிறோம். பூனை கைடு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி மூன்றையும் வரிசையாக ஒப்பித்திருக்கும். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டிலும் தேறியிருக்கும்.

அதற்காக மனப்பாடத்தைத் திட்டும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைச் சுமார் 2,300 செய்துவைத்து, தானே உருப்போட்டு, தானே மறந்தார். மறுபடி உருப்போட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை வைத்து மறதியை அளந்து 1885-ல் புத்தகமாகப் போட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் தங்கியது. அர்த்தமில்லாத அசைகளை அவ்வளவு சிரத்தையாகப் படித்த இன்னொரு கூட்டம், பத்தாம் வகுப்பு வேதியியலில் எங்கள் கடைசி பெஞ்ச்.

மகளைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மூடிவைத்து நினைவுபடுத்தியவர்கள். விடிய விடியப் படிப்பது விடிந்ததும் வரும் பரீட்சைக்குச் சரி.

இங்கே ஒரு பழைய பாக்கி. கண்ணால் கற்கும் பிள்ளை, காதால் கற்கும் பிள்ளை என்று பிரித்துச் சான்றிதழ் விற்பதை இதே பக்கத்தில் கிண்டல் செய்திருந்தேன். ஒரு பயிற்சி மையக்காரர் கொதித்துப்போய் நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். பிள்ளையின் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பேஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் நால்வர் 2008-ல் எழுதியதை அவருக்கு நகலெடுத்து அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. ஒருவேளை காதால் கற்பவரோ என்னவோ. போனில் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

சரி, வகுப்புக்கு வருவோம். தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்தவர் துணையோடு பிள்ளையால் செய்ய முடியும் என்ற வைகோட்ஸ்கியின் ஒரு விஷயம் போதும், உங்கள் மகள் பிழைத்துக்கொள்வாள். அந்தத் தெரிந்தவர் இன்னொரு பிள்ளையாகவும் இருக்கலாம். வைகோட்ஸ்கி பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே எழும்பூரில் இது நடந்தது. ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான பள்ளியை 1789 முதல் கவனித்தவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் செய்யுங்கள் என்றார். வாத்தியார் மசியவில்லை. பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னவர்களுக்குச் சொல்லித்தர உட்காரவைத்தார், பாடம் நடந்தது. 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். அப்புறம் அங்கே இதே முறையில் பள்ளி நடத்திய லங்காஸ்டர் என்பவரின் ஆட்களும் பெல்லின் ஆட்களும், இது யார் கண்டுபிடிப்பு என்று இங்கிலாந்தில் அடித்துக்கொண்டார்கள். நம் திண்ணைப் பள்ளியில் சின்னவர்களுக்குச் சொல்லித்தந்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

எங்கள் தெருவில் அப்படி ஒரு திண்ணை இருந்தது. இடித்து ஷட்டர் போட்டு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். பி.எட். நோட்ஸ் அங்கேதான் கிடைக்கிறது.