ஆற்றோரத்து மனிதர்களை வரைந்தவர்

கேள்வி: நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். மாணவர்கள் காலண்டர் படங்களையே பார்த்து வரைகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சொந்த வட்டாரத்தை வரைந்தும் பாடம் சொல்லிக்கொடுத்தும் வாழ்ந்த ஓவியர் எவரேனும் உண்டா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: ஆற்றங்கரை ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் ஜார்ஜ் கேலப் பிங்கமைச் சொல்கிறேன். 1811-இல் வர்ஜீனியாவில் பிறந்த அவர், 1819-இல் குடும்பத்துடன் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்த பிராங்க்ளின் என்ற சிற்றூரில் குடியேறினார். பெரும்பாலும் தாமாகவே வரையக் கற்று, உள்ளூர்க்காரர்களின் உருவப்படங்களை வரைந்து பிழைப்பு நடத்தினார்.

1845-இல் அவர் வரைந்த, தோல் வியாபாரிகள் மிசௌரி ஆற்றில் இறங்கி வரும் ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனி விலகாத காலையில் ஒரு கிழவர் துடுப்பு வலிக்க, சரக்கின்மேல் ஓர் இளைஞன் சாய்ந்திருக்க, படகின் முனையில் கட்டிப்போட்ட ஒரு விலங்கு அமர்ந்திருக்கிறது; அவ்வளவுதான் படம். அதிலுள்ள அமைதியை அவரே மறுபடி எட்டவில்லை என்பது என் எண்ணம். மறு ஆண்டு வரைந்த ஓவியத்திலோ சரக்குப் படகின் கூரைமேல் ஒருவர் ஆட, ஒருவர் பிடில் வாசிக்க, ஒரு சிறுவன் வாணலியைத் தட்டித் தாளம் போடுகிறான். அமெரிக்கக் கலைச் சங்கம் அதை அச்சுப்படமாக்கி ஏறக்குறைய 10,000 உறுப்பினர்களுக்கு அனுப்பியதால், ஆற்றுப் படகோட்டிகளின் முகங்கள் நாடெங்கும் அறிமுகமாயின.

அரசியலிலும் அவர் இறங்கினார். 1846 சட்டமன்றத் தேர்தலில் மிகக் குறைந்த வாக்குகளில் வென்றும், எதிர்த்தரப்பு முறையிட்டதால் இடத்தை இழந்தார், 1848-இல் வென்றார். 1850-களில் அவர் வரைந்த தேர்தல் ஓவியங்களில் சத்தியம் செய்பவர், குடிபோதையில் தாங்கிக்கொண்டு வரப்படுபவர் எல்லாரும் இருப்பது, களத்தை அவர் நேரில் அறிந்திருந்ததால்தான்.

பேராசிரியர் பதவி மிகத் தாமதமாகவே வந்தது: 1877-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் முதல் ஓவியப் பேராசிரியரானார், 1879-இல் காலமானார். ஆனால் உங்களுக்குப் பயன்படும் பாடம் அவர் விட்டுச்சென்ற நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டுப்படங்களில் இருக்கிறது. குந்தியிருப்பவர், தடி ஊன்றி நிற்பவர், சீட்டைக் கையில் வைத்து யோசிப்பவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தாளில் வரைந்து நிழலிட்டு வைத்துக்கொண்டு, பிறகுதான் பெரிய ஓவியத்தில் அவர்களைக் கூட்டமாகச் சேர்த்தார். உங்கள் மாணவர்களையும் ஒரு நாள் காலையில் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்காரவைத்து, துணி பிழிபவரோ ஈரத்தோடு படியேறுபவரோ, ஒரே ஒருவரை மட்டும் வரையச் சொல்லுங்கள்; காவிரியை அடுத்த வாரம் வரையலாம்.