இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமில்லை என்றால் மூட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 24. ஈரோட்டில் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை. ஒரு வருடமாகச் சாயங்காலம் ஆனால் வலது தொடை இடுக்கில் வலி, சில நாள் நொண்டி நடக்கிறேன். இலவச முகாமில் எக்ஸ்ரே எடுத்து, பிறவியிலேயே இடுப்பு மூட்டுக் கிண்ணம் ஆழமில்லை, உடனே மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். முகாமுக்கு வந்திருந்த ஒருவர், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே முடித்துத் தருவதாகவும், 'மேல்செலவுக்கு' 40,000 ரூபாய் போதும் என்றும், இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறார். செய்துகொள்ளலாமா? வேலையை விட வேண்டுமா?

பதில்: முதலில், அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். ஆளின் யோக்கியதை அங்கேயே தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து இதே கிண்ணத்தோடு 24 வருடம் நடந்த மூட்டு, இந்த மாதக் கடைசியில் உடைந்து விழாது. கெடு வைப்பது தரகர்தான், உங்கள் எலும்பு அல்ல.

உங்கள் வலிக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். தொடை எலும்பின் பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் நன்றாக மூடி உட்கார வேண்டும். முகாமில் சொன்னது சரி என்றால், உங்களுக்குக் கிண்ணத்தின் மேற்கூரை குட்டையாக இருக்கிறது. அதனால் உடல் எடை முழுப் பரப்பிலும் பரவாமல் விளிம்பிலேயே இறங்குகிறது. அந்த விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற மெத்தையான வளையம் உண்டு. அது நைய ஆரம்பித்தால் தொடை இடுக்கில் வலிக்கும், சில சமயம் 'டக்' என்று சத்தம் வரும். பல வருடம் போனால், பந்தையும் கிண்ணத்தையும் மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பும் தேயும். உங்கள் கேள்விக்கான விடை, குருத்தெலும்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. முகாமில் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பார்க்க ஒரே ஒரு எக்ஸ்ரே போதும். ஆனால் சரியாக எடுக்க வேண்டும். நின்றபடி, இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வருமாறு, பாதங்களைச் சற்று உள்பக்கம் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் எடுத்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் அனுப்பிய படத்தை வைத்து எவரும் ஆபரேஷனைத் தீர்மானிக்கக் கூடாது. நின்ற படத்தில் பந்தின் மையத்திலிருந்து கிண்ண விளிம்பு வரை ஒரு கோணம் அளப்பார்கள். 25 டிகிரிக்கு மேல் இருந்தால் சாதாரணம். 20 முதல் 25 வரை எல்லைக்கோடு. 20-க்குக் கீழே என்றால் கிண்ணம் உண்மையிலேயே ஆழமில்லை. ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லாமல் 'லேசான டிஸ்ப்ளேசியா' (கிண்ணம் ஆழமில்லாததற்கு மருத்துவப் பெயர்) என்று மட்டும் இருந்தால், அதை எடுத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் அளந்து தரச் சொல்லுங்கள். காசு கொடுத்தது அதற்குத்தான்.

அதே படத்தில் தேய்மானத்தை 0 முதல் 3 வரை டோனிஸ் தரம் என்று பிரிப்பார்கள். 0 அல்லது 1 என்றால், 24 வயதில் மூட்டை எடுத்துப் போடுவது அவசரக் கோலம். அந்த நிலையில் பேச வேண்டியது கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் ஆபரேஷனைப் பற்றி. சுருக்கமாக பி.ஏ.ஓ. என்பார்கள்; சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 1984-ல் தொடங்கிய முறை. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, பந்தின் மேல் கூரை வருமாறு சாய்த்து, ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். மூட்டு உங்களுடையதாகவே இருக்கும். பெர்னில் முதலில் செய்துகொண்டவர்களில் 20 ஆண்டு கழித்தும் சுமார் 60 சதவீதம் பேரின் சொந்த மூட்டு தாக்குப் பிடித்தது. ஆறிலிருந்து எட்டு வாரம் இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வேண்டும். நின்று பார்க்கும் வேலைக்குத் திரும்ப நான்கு மாதமாவது ஆகும். இதைச் செய்பவர்கள் குறைவு. அதனால் சர்ஜனிடம் "வருடத்துக்கு எத்தனை பி.ஏ.ஓ. செய்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூட்டு மாற்று எத்தனை செய்தார் என்பது இதற்குப் பதில் ஆகாது.

செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. வெளிநாட்டுப் பதிவேடுகளின்படி 25 ஆண்டு தாண்டி நிற்பவை பத்தில் ஆறுக்குச் சற்றுக் குறைவு. அப்போது உங்களுக்கு 49 வயது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டோனிஸ் தரம் 3 என்றால், அதாவது படத்தில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே காணாமல் போய், எலும்போடு எலும்பு உரசுகிறது என்றால், 24 வயதிலும் மூட்டு மாற்றுதான் சரி. தேய்ந்த குருத்தெலும்பின் மேல் கிண்ணத்தைத் திருப்பி வைத்துப் பயனில்லை. வலியும் போகாது, சில வருடத்தில் மறுபடி மேஜையில் படுக்க வேண்டும். தரம் 2-லும் பெரும்பாலும் இதே கதைதான். 'சின்ன வயசு, மாத்தக் கூடாது' என்று சொல்லியே இப்படிப்பட்டவர்களைப் பத்து வருடம் வலியில் இழுத்தடிக்கும் மருத்துவர்களும் உண்டு. வயதை வைத்து வேண்டாம் என்பதும், முகாமை வைத்து வேண்டும் என்பதும் ஒரே தவறுதான். இரண்டிலும் படத்தை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

எம்.ஆர்.ஐ. இப்போதே வேண்டாம். ஆபரேஷன் பற்றி முடிவெடுக்கும் நேரத்தில் சர்ஜன் கேட்பார், அப்போது எடுக்கலாம். குறிப்பிட்ட ஸ்கேன் சென்டருக்கே போக வேண்டும் என்று சீட்டில் வட்டம் போட்டுக் கொடுத்தால் கமிஷன் வாடை அடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேப்ரத்தை மட்டும் 'கீ-ஹோலில்' சரிசெய்து அனுப்பிவிடுகிறோம் என்றாலும் ஜாக்கிரதை: கிண்ணம் அப்படியே இருக்க, தையல் எத்தனை நாள் தாங்கும்? ஸ்டெம் செல் ஊசியால் கிண்ணம் வளராது. எண்ணெய்க் கட்டாலும் வளராது. பெயரில்லாத பொட்டலப் பொடி எதையும் தொடாதீர்கள்; ஸ்டீராய்டு கலந்த பொடிகள் சந்தையில் உண்டு. வலி மாயமாய்ப் போகும், பிறகு பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போகலாம்.

காப்பீடு பற்றி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் திட்டத்தில் சேரலாம். அட்டைக்குக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நீங்களே போகலாம். ஆபரேஷனுக்கு முன்அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை. இடையில் ஆள் தேவையில்லை. அனுமதித்த சிகிச்சைக்கு மேலே பணம் கேட்டால் 1800 425 3993-ல் புகார் செய்யுங்கள். முகாம் நடத்த அனுமதி கொடுப்பவர்கள், வாசலில் நிற்கும் இந்த ஆட்களையும் கொஞ்சம் கவனித்தால் என்ன என்பது தனிக் கேள்வி.

வேலையை விட வேண்டாம், நிற்பதைக் குறையுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவின்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை தருவது முதலாளியின் கடமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் அது சலுகை அல்ல. சூப்பர்வைசர் முறைத்தால் மருத்துவரிடம் 'நீண்ட நேரம் நிற்கக் கூடாது' என்று கடிதம் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம்.

வலி அதிகமுள்ள நாளில் கைத்தடி பிடியுங்கள், ஆனால் இடது கையில். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் வலது மூட்டின் சுமை குறையும். செருப்புப் போட்டு, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கும் பழக்கத்தை விடுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது காலை நேராக மேலே தூக்கி ஐந்து நொடி நிறுத்துவது, பத்து முறை, தினம் இரண்டு வேளை. தொடை இடுக்கில் குத்தினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் வேண்டாம், சைக்கிள் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினசரிப் பழக்கமாக்கினால் வயிறும் கிட்னியும் கெடும்.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயின் ஒரிஜினல் ஃபிலிமையோ சிடியையோ வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அதே மாதிரி இன்னொன்று எடுத்தால், தேய்மானம் நகர்கிறதா என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடலாம்.