நுகர்வோர் கேள்வி–பதில்: ஜப்பானியச் சமையலுக்குப் பொருள் வாங்குவோர் கவனத்துக்கு

கே: ஜப்பானியச் சமையலை வீட்டில் செய்து பார்க்க ஆசை. மூங்கில் பாய், அச்சு, கத்தி எல்லாம் சேர்த்து ‘சுஷி செட்’ என்று 2,500 ரூபாய்க்கு இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, கோவை

ப: வேண்டாம். சுஷி, அதாவது வினிகர் கலந்த சோற்றை மீன், காய் சேர்த்துச் செய்வது, வீட்டில் தினமும் செய்வதல்ல. ஜப்பானிய வீடுகளின் அன்றாடச் சாப்பாடு சோறு, மிசோ (நொதிக்கவைத்த சோயா விழுது) சூப், உப்புத் தடவிச் சுட்ட மீன், ஒரு காய். அதற்கு உங்கள் அடுப்படியில் இருக்கும் பாத்திரங்களே போதும்.

கே: ஜப்பானிய சோயா சாஸ், மளிகைக் கடைப் புட்டியைவிடப் பல மடங்கு விலை. உண்மையிலேயே வேறுபாடு உண்டா? – வாசகர், திருச்சி

ப: உண்டு. முறையாகத் தயாரித்த சோயா சாஸ் என்பது, சோயாவையும் கோதுமையையும் கோஜி என்னும் பூஞ்சையால் நொதிக்கவைத்து, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டுப் பிழிந்தெடுப்பது. மலிவான புட்டிகள் பலவற்றில் இருப்பதோ, சோயாப் புரதத்தை அமிலத்தால் சிதைத்து, கேரமல் நிறமும் சர்க்கரையும் சேர்த்த திரவம். தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு ஆகிய நான்குடன் உட்பொருள் பட்டியல் முடிந்துவிட்டால் தயங்காமல் வாங்கலாம். சிறிய புட்டியே போதும். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கே: நாங்கள் சைவம். ‘சோயாவில் செய்தது, தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று சொல்லிக் கடைக்காரர் மிசோ விற்றார். இரண்டு வாரம் சமைத்த பிறகு, இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரம் பிரிந்தபோது, அடியில் ‘மீன் சாறு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது தெரிந்தது. அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். – வாசகர், கும்பகோணம்

ப: உங்கள் அம்மாவின் வேதனை எனக்குப் புரிகிறது, உங்கள் மீது பிழை எதுவும் இல்லை. மிசோ சோயா, அரிசி அல்லது பார்லி, உப்பு, கோஜி ஆகியவற்றால் ஆனது என்பது உண்மைதான். ஆனால் சூப் வைக்க எளிதாக இருக்கட்டும் என்று ‘தாஷி’ என்னும் சூப் அடிச்சாறு கலந்து விற்கப்படும் மிசோவும் உண்டு, அந்தத் தாஷியில் பெரும்பாலும் புகையூட்டி உலர்த்திய சூரை மீனின் சாறு இருக்கும்.

இந்த ஸ்டிக்கர் அநியாயத்தைப் பற்றி நான் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், சைவ–அசைவக் குறி ஆகியவற்றை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ள 2017ஆம் ஆண்டின் உணவு இறக்குமதி விதிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் ஏற்கெனவே அச்சிட்ட தகவல் எதையும் அது மறைக்கக் கூடாது என்றும் அவையே சொல்கின்றன. கடைகளில் நடப்பதோ வேறு: உட்பொருள் பட்டியலின் மேலேயே, சில பொட்டலங்களில் தேதியின் மேலேயே, ஸ்டிக்கரை அப்பிவிடுகிறார்கள். படிக்கவே விடாமல் விற்றுவிட்டு, ‘பார்த்து வாங்கியிருக்கலாமே’ என்று வாங்கியவரையே குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஸ்டிக்கர் பிரிந்த நிலையிலேயே படம் எடுத்து, ரசீதை வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். அப்படியும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

அம்மா மீண்டும் மிசோ சூப் சாப்பிட விரும்பினால், கோம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைத் தாஷியாகப் பயன்படுத்துங்கள். ஜப்பானியப் புத்த மடங்களின் சைவச் சமையலில் இதுதான் வழக்கம். டோஃபுவை (சோயாப் பனீர்) அதில் சூடாக்கி, அடுப்பை அணைத்தபின், தாஷி கலக்காத மிசோவைக் கரைத்துவிடுங்கள். மிசோ கொதித்தால் மணம் போய்விடும்.

கே: புட்டியில் 26.03.10 என்று இருக்கிறது. 2010இல் காலாவதியானதையா விற்கிறார்கள்? – வாசகி, சேலம்

ப: இல்லை. ஜப்பானில் ஆண்டு முதலில் வரும், பிறகு மாதம், பிறகு நாள். இது 2026 மார்ச் 10.

கே: ட்யூபில் வரும் வசாபி (சுஷியோடு தொட்டுக்கொள்ளும் காரமான பச்சை விழுது) அசல்தானா? – வாசகர், சென்னை

ப: பெரும்பாலும் இல்லை. வசாபிக் கிழங்கின் படம் பெரிதாகப் போட்ட ட்யூப் ஒன்றை நானும் அதிக விலை கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்தது ஹார்ஸ்ராடிஷ் என்னும் வேறொரு காரமான வேரும் பச்சை நிறமியும்தான். ஜப்பானில் ‘ஹோன் வசாபி ஷியோ’ என்று போட்டிருந்தால், சேர்த்த வசாபியில் பாதியாவது அசலாக இருக்க வேண்டும். ‘ஹோன் வசாபி இரி’ என்றால் அதற்கும் குறைவு.

கே: அரிசி வினிகர் என்று நினைத்து ‘சுஷி வினிகர்’ வாங்கிவிட்டேன். செய்முறையில் சொன்னபடி சர்க்கரையும் உப்பும் சேர்த்ததில் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. கால் புட்டி தீர்ந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க முடியுமா? – வாசகர், மதுரை

ப: முடியாது. சர்க்கரையும் உப்பும் ஏற்கெனவே சேர்த்தது என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் திறந்து பயன்படுத்தியதற்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? மீதியை வேறெதுவும் சேர்க்காமல் சூடான சோற்றில் கலந்து பாருங்கள். மெல்லியதாக நறுக்கிய வெள்ளரிக்காயை ஊறவைக்கவும் அது ஆகும்.