இன்யோ கவுண்டியில் ஏன் ஆளே இல்லை?

கேள்வி: அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவின் மிக உயரமான சிகரமும் மிகத் தாழ்வான இடமும் ஒரே கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் இன்யோ கவுண்டி. அதன் மேற்கு எல்லையில் விட்னி சிகரம், உயரம் 4,421 மீட்டர். கிழக்கே மரணப் பள்ளத்தாக்கில் பேட்வாட்டர் என்ற உப்புப் படுகை, அது கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 140 கிலோமீட்டர்கூட இல்லை. உலகில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பம், 56.7 டிகிரி செல்சியஸ், 1913 ஜூலை 10 அன்று பதிவானதும் இதே பள்ளத்தாக்கில்தான். அப்புறம், 4,800 வருஷத்துக்கு மேல் வயதான பைன் மரங்கள் இன்னும் உயிரோடு நிற்பதும் இங்கேதான், வெள்ளை மலைத்தொடரில்.

கேள்வி: அவ்வளவு பெரிய கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 19,016 பேர்தான். அதே மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். பாலைவனம் என்பது மட்டும்தான் காரணமா?

பதில்: இல்லை. பாலைவனம் பாதிக் காரணம், மீதிப் பாதி மனிதர்கள் செய்தது, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளில் இரண்டாவது பெரியது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களைச் சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்துவிடுவதால் இந்தப் பக்கம் மழை குறைவு. ஆனால் மலையில் விழும் பனி உருகி ஓடைகளாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் சேர்கிறது, அதனால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மட்டும் பச்சையாக இருந்தது. வெள்ளையர்கள் வருவதற்கு முன்பே பையூட் பழங்குடியினர் அங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள். 1860களில் கால்நடை ஓட்டிக்கொண்டு வந்த குடியேறிகளோடு சண்டை மூண்டது, 1863இல் ராணுவம் நூற்றுக்கணக்கான பையூட் மக்களைப் பிடித்துத் தெற்கே தெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுபோனது. கவுண்டி உருவானது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1866இல். இந்த வரிசையை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் செர்ரோ கோர்டோ மலையில் வெள்ளி கிடைத்தது, அந்தக் கட்டிகளை, ஆறு போய்ச் சேரும் ஓவன்ஸ் ஏரியைத் தாண்டி நீராவிப் படகில் ஏற்றிப் போனார்கள், அவ்வளவு தண்ணீர் இருந்த ஏரி அது. விவசாயமும் வளர்ந்தது, 1920இல் மக்கள்தொகை சுமார் 7,000.

இதற்குள் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தண்ணீர் தேடி இங்கே வந்துவிட்டது. அந்த நகரத்தின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் 1905 வாக்கில் பள்ளத்தாக்கில் ஆற்றோர நிலங்களை, எதற்கென்று விவசாயிகளுக்குத் தெரியாமலே, வளைத்துப்போட்டார். பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் 375 கிலோமீட்டர் நீள நீர்க்கால்வாயைக் கட்டி 1913 நவம்பரில் திறந்தார். பம்பு எதுவும் இல்லாமல், முழுக்க முழுக்கச் சரிவிலேயே ஓடும் கால்வாய், பொறியியலாகப் பார்த்தால் அபாரம். ஆனால் 1926 வாக்கில் ஓவன்ஸ் ஏரி கிட்டத்தட்ட முழுவதும் வற்றிவிட்டது. 1924இல் விவசாயிகள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள், அதே வருஷம் நவம்பரில் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றித் தண்ணீரை ஆற்றுக்கே திருப்பிவிட்டு நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்தார்கள். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி 1927இல் மோசடி வழக்கோடு மூழ்கியது, ஊர்க்காரர்களின் சேமிப்பும் அதோடு போனது, எதிர்ப்பும் ஓய்ந்தது. பண்ணைகளை நகரம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. 1930 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 6,500ஆகக் குறைந்திருந்தது.

இன்றைக்கும் கவுண்டியின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி மத்திய அரசுடையது, பள்ளத்தாக்கின் நல்ல நிலம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துடையது. தனியாருக்கு மிஞ்சியது 2 சதவீதத்துக்கும் குறைவு. வீடு கட்டவே இடம் வாங்க முடியாத ஊரில் ஜனம் எப்படிப் பெருகும்? 1990இல் 18,281 பேர், முப்பது வருஷம் கழித்துக் கூடியது எழுநூற்றுச் சொச்சம்.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த மன்சனார் முகாம் இந்தக் கவுண்டியில்தானா?

பதில்: ஆமாம். அது இருந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஏற்கெனவே வாங்கிக் காலி செய்திருந்த ஒரு பழத்தோட்டக் கிராமத்தின் நிலத்தில். 1942 மார்ச்சில் திறந்தார்கள், 1945 நவம்பரில் மூடினார்கள். ஒரு கட்டத்தில் உள்ளே 10,000 பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1940இல் கவுண்டி முழுவதிலும் இருந்தவர்களே எட்டாயிரத்துக்குள்தான், ஆக அந்த வருஷங்களில் இன்யோவின் மிகப் பெரிய ஊர் முள்வேலிக்குள் இருந்தது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் இது எங்கேயும் வராது. மக்கள்தொகைப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு இடத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? ஏரிக்குத் தண்ணீர் திரும்பியதா?

பதில்: நிர்வாகத் தலைமையிடம் இண்டிபெண்டன்ஸ், சின்ன ஊர். நகராட்சி என்று சொல்லத்தக்கது பிஷப் ஒன்றுதான், அதிலும் நாலாயிரம் பேருக்குள். பையூட் மக்கள் பிஷப், பிக் பைன், லோன் பைன் ஊர்களில் இருக்கிறார்கள், மரணப் பள்ளத்தாக்கில் டிம்பிஷா ஷோஷோன் இனத்தார். 1930களின் இறுதியில் நகரத்தோடு நடந்த நிலப் பரிமாற்றத்தில் பையூட்டுகளுக்கு நிலம் கிடைத்தது, தண்ணீர் உரிமை தீர்க்கப்படாமலே விடப்பட்டது, அது இன்னும் தீராத பிரச்சினை.

ஏரி நிரம்பவில்லை. வறண்ட படுகையிலிருந்து கிளம்பிய உப்புத் தூசி நாட்டிலேயே மோசமான காற்று மாசாக மாறிய பிறகு, 2001 முதல் நகரம் தன் செலவில் படுகையின் பகுதிகளில் மெல்லிய அளவில் தண்ணீர் விட்டும், ஜல்லி பரப்பியும், செடி வளர்த்தும் தூசியை அடக்குகிறது. 2006இல் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு மறுபடி நீரோட்டம் விட்டார்கள். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை ஏரிக்கு அருகே பம்பு வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.