குழலை நீட்டினால் குண்டு தூரம் போகுமா?

பீரங்கி, டிரோன் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பாதுகாப்புத் துறைக் குழுவின் பதில்களும்

‘நம்முடைய ஏ.டி.ஏ.ஜி.எஸ். பீரங்கி 48 கி.மீ. அடித்தது என்று படித்தேன். பினாகா ராக்கெட்டோ 120 கி.மீ. போகிறது. பீரங்கிக் குழலை இன்னும் நாலடி நீட்டி, மருந்தையும் கூட்டிவிட்டால் 70, 80 கி.மீ. போகாதா? என்னதான் தடை?’
– ஜாலஹள்ளி வாசகர்

போகும், போயும் இருக்கிறது. அமெரிக்காவின் எக்ஸ்.எம்.1299 பீரங்கி 2020 டிசம்பரில் அரிசோனாவின் யூமா சோதனைத் தளத்தில் சுமார் 70 கி.மீ. தள்ளி இருந்த இலக்கை அடித்தது. அதன் குழல் 58 காலிபர். அதாவது உள்விட்டமான 155 மி.மீ.யைப் போல 58 மடங்கு நீளம், ஏறக்குறைய 9 மீட்டர். அப்படியிருந்தும் 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கொஞ்சம் குண்டுகள் சுட்டதற்கே குழல் அளவுக்கு மீறித் தேய்ந்துபோனதுதான் காரணம்.

தேய்மானம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். உந்துமருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் எஃகு உருகும் அளவையும் தாண்டுகிறது. அது சில மில்லிசெகண்டு மட்டுமே நீடிப்பதால் குழல் உருகுவதில்லை. ஆனால் உள்தோல் ஒவ்வொரு முறையும் சூடாகி, குளிர்ந்து, மயிரிழை விரிசல் விடுகிறது. மருந்தறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் தொடங்கும் இடத்தில்தான் அடி பலம். அங்கே வரிகள் மழுங்கினால் குண்டைச் சுற்றியுள்ள வளையம் சரியாகப் பிடிக்காது, வாயு பக்கவாட்டில் கசியும், வாய்முனை வேகம் (குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகம்) குறையும். நேற்று 30 கி.மீ. போன குண்டு இன்று அதே கோணத்தில், அதே மருந்தில், இலக்குக்கு முன்னாலேயே விழும். 1918-இல் ஜெர்மானியர்கள் 120 கி.மீ. தள்ளியிருந்து பாரிஸ் நகரை அடித்த பீரங்கியில் இதன் உச்சத்தைக் காணலாம். ஒவ்வொரு குண்டும் குழலை அவ்வளவு அரித்ததால் குண்டுகளுக்கு வரிசை எண் போட்டு, அடுத்தடுத்ததைச் சற்றுப் பருமனாகச் செய்தார்கள். சுமார் 65 குண்டு சுட்டபின் குழலைக் கழற்றி மறுபடி குடைய வேண்டியிருந்தது.

நம் கணக்குக்கு வருவோம். 1986-இல் வாங்க ஒப்பந்தமான போஃபர்ஸ் 39 காலிபர், ஜபல்பூரில் செய்யும் தனுஷ் 45, ஏ.டி.ஏ.ஜி.எஸ். 52. குழல் நீண்டால் வாயு குண்டைத் தள்ளும் நேரம் கூடும்: 39 காலிபரில் வாய்முனை வேகம் விநாடிக்கு 827 மீட்டர் அளவில், 52-இல் 945 அளவில். ஏ.டி.ஏ.ஜி.எஸ்.-இன் மருந்தறை 25 லிட்டர். மற்ற நாடுகளின் 52 காலிபர் பீரங்கிகளில் அது 23 லிட்டர். 2017-இல் பொக்ரானில் கிடைத்த 48 கி.மீ.க்கு அந்தக் கூடுதல் 2 லிட்டரும் ஒரு காரணம்.

மீதி வேலையைச் செய்தது குண்டின் அடிப்பாகம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, அதுவே குண்டைப் பின்னுக்கு இழுக்கும். காற்றுத்தடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இந்த இழுவைதான். ‘பேஸ் பிளீட்’ வகைக் குண்டின் அடியில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் மெதுவாக எரியும் மருந்து இருக்கும். அது குண்டைத் தள்ளுவதில்லை. வாயுவைக் கசியவிட்டு அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது, அவ்வளவே. அதிலேயே தூரம் 20 முதல் 30 சதம் கூடிவிடும். ஆனால் எல்லாக் குண்டிலும் அந்த மருந்து ஒரே சீராகப் பற்றி எரியாது என்பதால் சிதறலும் (குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் பரவுவது) கூடும்.

தூரம் கூடக் கூடப் பெரிய தலைவலி இந்தச் சிதறல்தான். 40 கி.மீ. போகும் குண்டு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காற்றில் இருக்கிறது, 10 கி.மீ.க்கு மேல் ஏறி இறங்குகிறது. வழியில் ஒவ்வோர் அடுக்கிலும் காற்றின் திசை வேறு, அடர்த்தி வேறு. சுழற்சி காரணமாகக் குண்டு வலப்பக்கம் பல நூறு மீட்டர் ஒதுங்கும். பூமியின் சுழற்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்துப் பை வெயிலில் கிடந்ததா நிழலில் இருந்ததா என்பதுகூட வேகத்தை மாற்றும். அதனால்தான் வானிலை பலூன் விட்டு அடுக்கடுக்காகக் காற்றை அளக்கிறார்கள். குழல் வாயில் வேகம் அளக்கும் சிறு ரேடார் வைக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், வழிகாட்டி இல்லாத குண்டு உச்சத் தூரத்தில் 200 மீட்டருக்கு மேல் தள்ளி விழுவது சாதாரணம். ஒரு பதுங்குகுழியை உடைக்கப் பத்து, ஐம்பது என்று குண்டுகளைக் கொட்ட வேண்டிவரும்.

வழிகாட்டி பொருத்தலாம். அமெரிக்க எக்ஸ்காலிபர் குண்டு ஜி.பி.எஸ். பார்த்து இலக்குக்குச் சில மீட்டர் பக்கத்தில் விழும். விலை ஒரு லட்சம் டாலர் அளவில். உக்ரைனில் ரஷ்யர்கள் ஜி.பி.எஸ். சிக்னலை மறித்தபோது அதன் குறி வெகுவாகக் கெட்டது. இன்னொரு சிக்கல், பீரங்கிக்குள் கிடைக்கும் அதிர்ச்சி: புவியீர்ப்பைப் போல 15,000 மடங்கு அளவுக்கு முடுக்கம். அதைத் தாங்கும் மின்னணுப் பலகை செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. ராக்கெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு நிதானமாக வேகமெடுப்பதால் பினாகாவில் வழிகாட்டி வைப்பது எளிது. 38 கி.மீ.யில் தொடங்கிய பினாகா, வழிகாட்டியுடன் 75 கி.மீ.யைத் தொட்டு, 2025 டிசம்பரில் சாந்திப்பூர் சோதனையில் 120-ஐ எட்டியது அப்படித்தான். ஆனால் ஒரு லாரியில் 12 ராக்கெட். 44 விநாடியில் தீர்ந்துவிடும். பிறகு நிரப்ப வேண்டும். நாள் முழுக்க விடாமல் அடிக்கப் பீரங்கிதான்.

குழலை நீட்டாமல் தூரத்தைக் கூட்ட ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஒரு வழியில் உழைத்துக்கொண்டிருக்கிறது: 155 மி.மீ. குண்டுக்குள் ராம்ஜெட், அதாவது முன்னால் புகும் காற்றில் எரிபொருளை எரித்துத் தள்ளும் எஞ்சின். வாய்முனையிலேயே ஒலியைப் போல் இரண்டரை மடங்கு வேகம் இருப்பதால், உள்ளே புகும் காற்றை அழுத்தத் தனி யந்திரம் வேண்டாம். பதிலுக்கு எரிபொருளும் காற்றுப் பாதையும் இடம் பிடிக்கும், வெடிமருந்து குறையும். எங்கள் கருத்தில் இது சரியான பாதை, கூடவே வழிகாட்டியும் வந்தால். ஒரு பீரங்கி ‘இத்தனை கி.மீ. அடித்தது’ என்று செய்தி வந்தால், எந்த வகைக் குண்டு, சிதறல் எவ்வளவு, ஒரு குழல் எத்தனை குண்டு தாங்கும் என்று மூன்றையும் கேளுங்கள். அவை இல்லாமல் வெறும் தூரத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

‘உக்ரைனில் டிரோனுக்குப் பின்னால் ஒயர் கட்டிப் பறக்க விடுகிறார்கள். பத்து கி.மீ. ஒயரை இழுத்துக்கொண்டு போனால் மரத்தில் சிக்காதா?’
– கே.ஆர்.புரம், பொறியியல் மாணவி

டிரோன் ஒயரை இழுப்பதில்லை, அவிழ்த்துவிட்டுக்கொண்டே போகிறது. சுருள் டிரோனின் வயிற்றிலேயே இருக்கிறது. அவிழ்ந்த இழை மரத்தின்மேலோ வயலிலோ விழுந்து அசையாமல் கிடக்கும். பின்னால் சிக்கினாலும் முன்னால் போகும் டிரோனுக்குத் தெரியாது. இழை கால் மி.மீ. தடிமன்கூட வராத கண்ணாடி, அதாவது ஒளியிழை (ஆப்டிகல் ஃபைபர்). 10 கி.மீ. சுருள் கூட்டோடு சேர்த்து ஒரு கிலோவுக்குக் குறையாது.

எதற்கு இந்தச் சிரமம்? சாதாரண எஃப்.பி.வி. டிரோனின் (அதன் கேமரா காட்டும் படத்தைப் பார்த்தே ஓட்டுவது) வீடியோ ரேடியோ அலையில் வருகிறது. ரேடியோவுக்கு நேர்ப்பார்வை வேண்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கி.மீ.யில் வரும்: 100 மீட்டர் உயரத்தில் 41 கி.மீ., 4 மீட்டரில் 8 கி.மீ.தான். அதுவும் மரமும் மேடும் இல்லாத சமவெளியில். இலக்கை நோக்கித் தாழும் கடைசி விநாடிகளில் டிரோன் மரத்துக்குப் பின்னால் போகிறது, திரை புள்ளியடித்து இருண்டுவிடுகிறது. ரேடியோ அலையை மறிக்கும் எதிரியின் ஜாமரும் இலக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், குறி முக்கியமான அந்த நேரத்தில்தான் ரேடியோ கைவிடும். இழையில் வரும் படம் கடைசிவரை தெளிவு. டிரோனும் அலை எதையும் பரப்பாததால், அலையைக் கேட்டு எச்சரிக்கும் கருவிக்கு அது வருவதே தெரியாது. 2024-இல் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் நடந்த சண்டையில் இது பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்ததற்குக் காரணம் இதுதான்.

குறைகளும் உண்டு. சுருளின் எடை அளவுக்கு வெடிபொருளோ பேட்டரியோ குறையும். சட்டென்று திரும்பினால் இழை சொந்தப் புரொப்பெல்லரிலேயே பட்டு அறும். பின்னால் வரும் வண்டி ஏறினாலும், புல் தீப்பிடித்தாலும் தொடர்பு போச்சு. ஜாமரால் இதை நிறுத்த முடியாது. உக்ரைனில் சாலைகளுக்கு மேலே கி.மீ. கணக்கில் வலை கட்டுகிறார்கள், வீரர்கள் கையில் ஷாட்கன் கொடுக்கிறார்கள்.

‘டிரோன் வந்தபின் பீரங்கிக்கு வேலை இருக்கிறதா?’
– சி.வி.ராமன் நகர் வாசகர்

இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் நின்றால் உயிர் இருக்காது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு உங்கள் பேட்டையிலேயே உள்ள ரேடார் ஆய்வகம் எல்.ஆர்.டி.இ. வடிவமைத்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் தயாரிக்கும் ஸ்வாதி ரேடார், 30 கி.மீ. வரையிலான பீரங்கிக் குண்டுகளையும் 40 கி.மீ. வரையிலான ராக்கெட்டுகளையும் வானில் பிடித்து, பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, சுட்ட இடத்தைச் சொல்லிவிடும். எதிரியிடமும் இப்படி ரேடார் உண்டு. முன்பு ரேடாரின் பதிலடிக்கு மட்டும் பயந்தால் போதும். இப்போது தலைக்கு மேல் டிரோன் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுட்டதும் தானே ஓடிவிடும் கே-9 வஜ்ரா போன்ற பீரங்கிக்கு மதிப்பு கூடியிருப்பது இதனால்தான். லாரி கட்டி இழுக்கும் பீரங்கிக்கு மறைப்பும் வலையும் போலிப் பீரங்கிகளும் இனிக் கட்டாயம். மழை, மூடுபனி, பலத்த காற்று என்றால் சிறிய டிரோன் எழும்பாது. குண்டுக்கு அந்தக் கவலை இல்லை.

‘இருபதாயிரம் டாலர் டிரோனை வீழ்த்த நாற்பது லட்சம் டாலர் ஏவுகணையா? இது கட்டுப்படியாகுமா?’
– அல்சூர் வாசகர்

கட்டுப்படியாகாது. ஈரானின் ஷாஹெத்-136 சுமார் 200 கிலோ, மணிக்கு 180 கி.மீ. வேகம், மோட்டார் சைக்கிள் போல் இரைந்துகொண்டு வரும். இதற்குப் பழைய துப்பாக்கிதான் சரி. 2025 மே 8-9 இரவில் பாகிஸ்தானிலிருந்து 36 இடங்களில் 300 முதல் 400 டிரோன் வரை வந்ததாக நம் அரசு சொன்னது. அப்போது 40 மி.மீ. எல்-70, இசட்.யு.-23, ஷில்கா போன்ற பல பத்தாண்டு வயதான விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் சுட்டு வீழ்த்தின. எல்-70 நிமிடத்துக்கு 300 குண்டு அளவில் சுடும். பெல் அதற்கு மின்னணுக் குறிபார்ப்புக் கருவி பொருத்தியிருக்கிறது. லேசர் ஒரு சுடலுக்கு மின்சாரச் செலவு மட்டுமே. டி.ஆர்.டி.ஓ. 2025 ஏப்ரல் 13-இல் கர்நூலில் 30 கிலோவாட் லேசரால் டிரோனை வீழ்த்திக் காட்டியது. ஆனால் ஒளிக்கற்றை ஒரே புள்ளியில் சில விநாடி நிலைக்க வேண்டும். தூசியும் மேகமும் அதைச் சிதறடிக்கும். கூட்டமாக வந்தால் ஒவ்வொன்றாகத்தான் எரிக்க முடியும். துப்பாக்கியை ஓரங்கட்டிவிட்டு லேசரை மட்டும் நம்புவது தவறு.

‘முருகேஷ்பாளையாவில் எங்கள் மொட்டைமாடியில் மகன் 600 கிராம் டிரோன் பறக்க விட ஆசைப்படுகிறான். அனுமதி வேண்டுமா?’
– ஒரு தாய்

வேண்டும், கட்டாயம். 2021 டிரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம். விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எச்.ஏ.எல். விமான நிலையம். 8-லிருந்து 12 கி.மீ. வரை 200 அடி, அதற்கப்பால் பச்சை மண்டலத்தில் 400 அடி உச்சம். ராணுவ இடங்கள் சிவப்பு. 250 கிராமைத் தாண்டினாலே பதிவெண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவை. 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லையென்றால் பைலட் சான்றிதழ் வேண்டாம். மீறினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு, நகரைத் தாண்டிப் பச்சை மண்டலத்துக்கு அழைத்துப் போங்கள்.

‘பெங்களூரில் நன்றாகப் பறக்கும் டிரோன் லடாக்கில் ஏன் திணறுகிறது?’
– எலஹங்கா வாசகர்

4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் 63 சதம்தான். அதே எடையைத் தாங்கப் புரொப்பெல்லர் 26 சதம் வேகமாகச் சுழல வேண்டும். மின்சக்தியும் ஏறக்குறைய அதே அளவு கூடும். குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறி, த்ராட்டிலைக் கூட்டியதும் மின்னழுத்தம் சரியும். கொள்ளளவு மிச்சமிருக்கும்போதே டிரோன் ‘பேட்டரி தீர்ந்தது’ என்று தானே இறங்கிவிடும். பெரிய புரொப்பெல்லர், மெதுவாகச் சுழலும் மோட்டார், ஏற்றும் எடையில் குறைப்பு, பறக்கும் வரை பேட்டரியைக் கதகதப்பாக வைத்திருப்பது ஆகியவைதான் தீர்வு. இதே மெல்லிய காற்று பீரங்கிக்கு லாபம்: 1999-இல் கார்கிலில் போஃபர்ஸ் சமவெளியில் போவதைவிட அதிகத் தூரம் அடித்தது. அதனால் சமவெளிக்கான சுடு அட்டவணையை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது.